ஆபீஸ் போன் கையில இருக்கா? உங்க பணத்தைக் காப்பாத்துற செட்டிங்ஸ் இவைதான்



2023 ஆகஸ்ட் 23, புதன்கிழமை. ராத்திரி பத்தரை மணி இருக்கும். என் சித்தி பையன் மதுரையில இருந்து கூப்பிட்டான். ஒரு மருந்து கம்பெனியில ஆறு வருஷம் ரெப்பா இருந்துட்டு, அந்த மாசம் 8-ஆம் தேதிதான் வேலையை விட்டிருந்தான்.

"அக்கா, இன்கம் டாக்ஸ் ரிட்டர்ன் போட்டேன்ல, இன்னும் வெரிஃபை ஆகலைன்னு காட்டுது. ஓடிபி வரமாட்டேங்குது."

"எந்த நம்பருக்குப் போகுது?"

"ஆதார்ல இருக்கிற நம்பருக்கு. அது கம்பெனி நம்பர்க்கா. போனோட சேர்த்து சிம்மையும் ஒப்படைச்சிட்டேன்."

ஜூலை 28-ஆம் தேதி ரிட்டர்ன் போட்டவன், 'வெரிஃபிகேஷன் அப்புறம் பார்த்துக்கலாம்'னு விட்டுட்டான். ரிட்டர்ன் போட்ட 30 நாளுக்குள்ள வெரிஃபை பண்ணணும். அதாவது ஆகஸ்ட் 27. அது ஞாயிற்றுக்கிழமை. தாண்டிட்டா, வெரிஃபை பண்ற தேதியைத்தான் ரிட்டர்ன் போட்ட தேதியா எடுத்துக்குவாங்க. அப்போ அது லேட் ரிட்டர்ன். அவன் வருமானத்துக்கு 5,000 ரூபாய் லேட் ஃபீஸ். அவனுக்கு வரவேண்டிய ரீஃபண்ட் 38,400 ரூபாயும் அதுவரைக்கும் நகராது. (இப்போ இதே தப்பைப் பண்ணினா இன்னொரு அடியும் இருக்கு. கடைசித் தேதி தாண்டிட்டா சம்பளக்காரங்க பழைய வரி முறையைத் தேர்ந்தெடுக்க முடியாது. எச்ஆர்ஏ, 80சி எல்லாம் போச்சு.)

"நெட் பேங்கிங்ல போய் வெரிஃபை பண்ணுடா"ன்னேன். நெட் பேங்கிங் லாகினுக்கும் ஓடிபி அதே நம்பருக்கு. பிஎஃப் கணக்குல அதே நம்பர். டீமேட்ல அதே நம்பர். அந்த சிம் சென்னை ஆபீஸ்ல அட்மின் மேஜை டிராயர்ல கிடக்கு, அட்மின் சார் லீவுல.

வியாழக்கிழமை காலையில பத்து மணிக்கே பேங்க் கிளைக்குப் போகச் சொன்னேன். அடையாள அட்டையைக் காட்டி, ஃபார்ம் எழுதிக் கொடுத்து, சொந்த நம்பரைப் பதிஞ்சான். வெள்ளிக்கிழமை மத்தியானம் அது ஆக்டிவ் ஆச்சு. நெட் பேங்கிங் உள்ள போய், அங்கிருந்தே வருமான வரி போர்ட்டலுக்குத் தாவி, வெரிஃபை பண்ணி முடிச்சான். இந்த வழியில ஆதார் ஓடிபி தேவையில்லை. ரெண்டு நாள் மீதி இருந்தது. அந்த ரெண்டு நாளும் சனி, ஞாயிறு.

கம்பெனி போன் கொடுக்கும்போது நாம கேமரா எத்தனை மெகாபிக்ஸல்னு பார்க்கிறோம். செட்டிங்ஸ்ல நாலைஞ்சு இடத்தை முதல் நாளே பார்த்திருந்தா இந்த அலைச்சல் இல்லை. அதைத்தான் இன்னைக்குப் பார்க்கப் போறோம். நான் டெக் ஆள் கிடையாது, ஆடிட்டர். அதனால எந்த செட்டிங் உங்க பணத்தைத் தொடுதோ அதை மட்டும் சொல்றேன்.

முதல் கேள்வி: அந்த நம்பர் யாருடையது?

ஆபீஸ் போன்னு சொன்னா மூணு விதம் இருக்கு. போனும் சிம்மும் கம்பெனி கொடுத்தது. சிம் மட்டும் கம்பெனி கொடுத்தது, போன் உங்களுடையது. மூணாவது, ரெண்டும் உங்களுடையது, ஆனா ஆபீஸ் மெயில், டீம்ஸ் மாதிரி ஆப்பெல்லாம் போட்டுத் தந்திருக்காங்க. இந்த மூணுக்கும் ரிஸ்க் வேற வேற.

கம்பெனி கொடுத்த சிம் பெரும்பாலும் கார்ப்பரேட் கனெக்‌ஷனா இருக்கும். டெலிகாம் கம்பெனி கணக்குப்படி அந்த நம்பருக்கு வாடிக்கையாளர் உங்க கம்பெனி. நீங்க அதைப் பயன்படுத்துற ஆள், அவ்வளவுதான். சந்தேகமா இருந்தா மத்திய தொலைத்தொடர்புத் துறையின் 'சஞ்சார் சாத்தி' தளத்துக்குப் போங்க. உங்க பேர்ல எத்தனை மொபைல் கனெக்‌ஷன் இருக்குன்னு அங்க பார்க்கலாம். அந்தப் பட்டியல்ல ஆபீஸ் நம்பர் இல்லைன்னா, அது உங்க நம்பர் இல்லை. பத்து வருஷம் வச்சிருந்தாலும் இல்லை.

ரெப், ஃபீல்டு ஆபீசர், சேல்ஸ் வேலையில இருக்கிறவங்க இதைக் கூடுதலா கவனிக்கணும். உங்க நம்பர் உங்களுக்குக் கொடுத்தது இல்லை, உங்க ஏரியாவுக்குக் கொடுத்தது. டாக்டர்களும் டீலர்களும் அந்த நம்பரைத்தான் சேவ் பண்ணி வச்சிருப்பாங்க. நீங்க போனா அடுத்து வர்ற ஆளுக்கு அதே சிம் போகும். டிஸ்கனெக்ட் ஆன நம்பரைக்கூட டெலிகாம் கம்பெனி 90 நாள் கழிச்சுத்தான் வேற ஆளுக்குக் கொடுக்கும். இங்க அந்த 90 நாள் இடைவெளியும் கிடையாது. கம்பெனி நினைச்சா மறுநாளே கொடுக்கலாம். சட்டப்படி அது அவங்க சிம்.

அதனால ஆதார், பேங்க், பான் போர்ட்டல், பிஎஃப், டீமேட், மியூச்சுவல் ஃபண்ட், இன்சூரன்ஸ், கேஸ் சிலிண்டர் வரைக்கும் எல்லாத்துலயும் உங்க பேர்ல உள்ள நம்பர்தான் இருக்கணும். 'ரெண்டு நம்பர் வச்சுக்கிறதுக்கு ஒரே நம்பரா இருந்தா வசதி, பில்லும் கம்பெனியே கட்டுது'ன்னு சொல்றவங்க நிறைய பேர். மாசம் இருநூறு ரூபாய் மிச்சம் பிடிக்கப் போய் நீங்க அடமானம் வைக்கிறது உங்க மொத்த சேமிப்பின் சாவியை.

ஏற்கெனவே ஆபீஸ் நம்பர்தான் எல்லாத்துலயும் இருக்குன்னா, ஆதார்ல இருந்து ஆரம்பிங்க. ஆதார் மாறிட்டா பிஎஃப், டிஜிலாக்கர், ரிட்டர்ன் வெரிஃபிகேஷன் எல்லாத்துக்கும் ஓடிபி புது நம்பருக்கு வரும். அடுத்தது பேங்க். பழைய நம்பர் இன்னும் கையில இருக்கும்போதே மாத்துறது சுலபம், ஏன்னா பல இடத்துல 'பழைய நம்பருக்கு வந்த ஓடிபியைப் போடு'ன்னுதான் கேட்கும். வேலையை விட்ட பிறகு மாத்தப் போனா ஒவ்வொரு கவுண்டர்லயும் ஃபார்ம் எழுதணும்.

இந்த போனை யார் நிர்வகிக்கிறாங்க?

இப்போ செட்டிங்ஸைத் திறங்க. ஆண்ட்ராய்டுன்னா மேல இருக்கிற தேடல் பெட்டியில 'டிவைஸ் அட்மின்' அப்படின்னோ 'வொர்க்' அப்படின்னோ தேடுங்க. ஒவ்வொரு பிராண்டுலயும் மெனு வேற இடத்துல இருக்கும், அதனால தேடுறதுதான் வேகம். ஐபோன்னா 'ஜெனரல்' உள்ள 'விபிஎன் அண்ட் டிவைஸ் மேனேஜ்மென்ட்'. கம்பெனி முழுசா கட்டுப்படுத்துற ஐபோன்னா, செட்டிங்ஸ் திறந்த உடனே மேலேயே 'இந்த ஐபோன் இன்ன நிறுவனத்தால் நிர்வகிக்கப்படுகிறது'ன்னு ஒரு வரி இருக்கும்.

ஆண்ட்ராய்டுல ரெண்டு வகை ஏற்பாடு உண்டு. ஒண்ணு, வொர்க் ப்ரொஃபைல். போனுக்குள்ளயே ஒரு தடுப்புச் சுவர் கட்டின மாதிரி. ஆபீஸ் ஆப்களின் ஐகான்ல ஒரு குட்டி சூட்கேஸ் படம் இருக்கும். சுவருக்கு அந்தப் பக்கம் கம்பெனி ராஜ்யம், இந்தப் பக்கம் உங்க ராஜ்யம். நீங்க வேலையை விட்டா அந்தப் பக்கத்தை மட்டும் அழிப்பாங்க, உங்க போட்டோவுக்கு ஒண்ணும் ஆகாது. சொந்த போன்ல ஆபீஸ் மெயில் போடச் சொன்னா இப்படித்தான் போட்டுக்கணும். 'மெயில் மட்டும் தானே'ன்னு நேரா போட்டு, அது கேட்கிற அட்மின் அனுமதிக்கெல்லாம் 'அலவ்' கொடுத்துடாதீங்க. அந்தத் திரையில 'எல்லா டேட்டாவையும் அழிக்க' அப்படின்னு ஒரு வரி இருந்தா, அதுக்கு அர்த்தம் அதேதான்.

இன்னொரு வகை, போன் முழுக்க கம்பெனி கட்டுப்பாடு. என்னென்ன ஆப் இருக்குன்னு அவங்க பார்க்கலாம், புதுசா போடலாம், எடுக்கலாம், தூரத்துல இருந்தே லாக் பண்ணலாம், மொத்தமா அழிக்கலாம். இதுல தப்பு ஒண்ணும் இல்லை, போன் அவங்களது. ஆனா அந்த மாதிரி போன்ல உங்க பேங்க் ஆப், யூபிஐ, புரோக்கர் ஆப் எதுவும் வேண்டாம்னு சொல்றேன். உங்க பணத்தைத் திருடிடுவாங்கன்னு இல்லை. நோட்டீஸ் கொடுத்த அன்னைக்கு சாயங்காலம் ஐடி டீம் ஒரு பட்டனை அழுத்தினா, உங்க பக்கத்துல எதுவுமே மிஞ்சாது.

அந்த 'எதுவுமே'ல எல்லாரும் மறக்கிற ஒண்ணு, ஆத்தென்டிகேட்டர் ஆப். புரோக்கர் லாகினுக்கு, மெயிலுக்கு 30 செகண்டுக்கு ஒரு தடவை மாறுற ஆறு இலக்க எண் வருமே, அது. போன் அழிஞ்சா அந்த எண்ணும் போச்சு. கூகுள் ஆத்தென்டிகேட்டர்ல 2023-ல இருந்து கூகுள் கணக்கோட சிங்க் பண்ற வசதி வந்திருக்கு. நல்ல வசதிதான், ஆனா எந்தக் கணக்கோட சிங்க் ஆகுதுன்னு பாருங்க. ஆபீஸ் மெயில் ஐடியோட சிங்க் ஆகியிருந்தா, ஐடி மூடின அன்னைக்கு அதுவும் மூடிடும். பேக்கப் கோடுன்னு எட்டோ பத்தோ எண்கள் தருவாங்க. அதைப் பேப்பர்ல எழுதி பீரோவுல வைங்க. இந்த விஷயத்துல நான் பழைய காலத்து ஆள்தான்.

இதே கேள்வியை காண்டாக்ட்ஸ், போட்டோஸ், பாஸ்வேர்டு மூணுக்கும் கேளுங்க: எந்தக் கணக்குல சேவ் ஆகுது? காண்டாக்ட்ஸ் ஆப்ல புது நம்பர் எந்தக் கணக்குல போகணும்னு ஒரு செட்டிங் இருக்கு. போட்டோஸ் பேக்கப்புக்கும் அப்படியே. குரோம்ல 'பாஸ்வேர்டை சேவ் பண்ணட்டுமா'ன்னு கேட்கும்போது நாம யோசிக்காம 'எஸ்' அழுத்துறோம். ஆபீஸ் கணக்குல லாகின் ஆகியிருந்தா உங்க நெட் பேங்கிங் பாஸ்வேர்டு ஆபீஸ் கணக்குல போய் உட்கார்ந்துக்கும்.

ரெண்டு சிம், ஒரே போன்

சொந்த போன்ல ரெண்டாவது சிம்மா ஆபீஸ் சிம்மைப் போட்டிருக்கிறவங்க, சிம் செட்டிங்ஸ்ல கால், மெசேஜ், டேட்டா மூணுக்கும் எது முதல் சிம்னு பாருங்க. காரணம் யூபிஐ. யூபிஐ ஆப்பை முதல்ல போடும்போது அது உங்க போன்ல இருந்து ஒரு எஸ்எம்எஸ் அனுப்பி, 'இந்த நம்பர், இந்த போன்'னு முடிச்சுப் போட்டுக்கும். பேங்க்ல பதிஞ்ச நம்பர் எந்த சிம்ல இருக்கோ, அந்த சிம்ல இருந்துதான் அந்த எஸ்எம்எஸ் போகணும். 'வெரிஃபிகேஷன் ஃபெயில்டு'ன்னு வந்துகிட்டே இருந்தா பாதி நேரம் காரணம் இதுதான்: சிம் மாறிப் போச்சு, இல்லைன்னா அந்த சிம்ல எஸ்எம்எஸ் அனுப்ப பேக் இல்லை.

ஆபீஸ் வேலையா வெளிநாடு போறீங்களா? விமானம் ஏறும் முன்னாடி ஆபீஸ் சிம்முக்கு டேட்டா ரோமிங்கை ஆஃப் பண்ணுங்க, அட்மின்கிட்ட என்ன பேக் போட்டிருக்காங்கன்னு மெயில்ல கேளுங்க. பல கம்பெனி பாலிசியில ஒரு வரம்பு இருக்கும். அதுக்கு மேல வந்த பில் உங்க சம்பளத்துல பிடிக்கப்படும்.

போன் தொலைஞ்சா?

'ஸ்க்ரீன் லாக் போட்டிருக்கேன், யாரும் திறக்க முடியாது'ன்னு சொல்வீங்க. திருடனுக்கு போனைத் திறக்கவே வேண்டாம். சிம்மைக் கழட்டி அவன் போன்ல போட்டா போதும், ஓடிபி அங்க வரும். அதைத் தடுக்கிறது சிம் பின். செட்டிங்ஸ்ல 'சிம் லாக்'னு தேடுங்க. ஆன் பண்ணினா, போனை ரீஸ்டார்ட் பண்ணும்போதும், சிம்மை வேற போன்ல போடும்போதும் நாலு இலக்க எண் கேட்கும். ஆன் பண்றதுக்கு முன்னாடி உங்க நெட்வொர்க்கின் தொடக்க பின் என்னன்னு கேட்டுத் தெரிஞ்சுக்கங்க. குத்துமதிப்பா அடிக்காதீங்க. மூணு தடவை தப்பாப் போட்டா சிம் பூட்டிக்கும், அப்புறம் பியூகே எண் வாங்கணும். அதையும் பத்து தடவை தப்பாப் போட்டா சிம் நிரந்தரமா காலி. ஆபீஸ் சிம்முன்னா அட்மின்கிட்ட சொல்லிட்டுச் செய்யுங்க, பியூகே வேணும்னா அவங்க மூலமாத்தான் போகணும்.

அடுத்தது லாக் ஸ்க்ரீன் நோட்டிஃபிகேஷன். போன் பூட்டியிருக்கு, ஆனா மெசேஜ் வந்தா திரையில முழு ஓடிபியும் தெரியுது. மேஜை மேல போனை வச்சுட்டு டீ குடிக்கப் போனா பக்கத்து சீட்காரர் படிக்கலாம். நோட்டிஃபிகேஷன் செட்டிங்ஸ்ல 'லாக் ஸ்க்ரீன்' உள்ள போய், மெசேஜ் வந்திருக்குன்னு மட்டும் காட்டு, உள்ளடக்கத்தை மறைன்னு வைங்க. ஒரு நிமிஷ வேலை.

இன்னொரு பழக்கம் நம்ம ஊர்ல நிறைய பார்க்கிறேன். போன் கவர்ல டெபிட் கார்டைச் செருகி வைக்கிறது. யூபிஐ பின்னை மாத்த என்ன வேணும்? கார்டின் கடைசி ஆறு எண், காலாவதி மாசம்-வருஷம், போனுக்கு வர்ற ஓடிபி. மூணையும் ஒரே பொட்டலமா கட்டி நீங்களே கொடுக்கிறீங்க. கார்டு பர்ஸ்ல இருக்கட்டும்.

*#06# அடிச்சா வர்ற ஐஎம்இஐ எண்ணை இன்னைக்கே எழுதி வைங்க. ரெண்டு சிம் போன்னா ரெண்டு எண் வரும். தொலைஞ்சா போலீஸ் புகாரோட, சஞ்சார் சாத்தி தளத்துலயே அந்த போனை எந்த நெட்வொர்க்லயும் வேலை செய்யாம பிளாக் பண்ண இந்த எண் வேணும். ஆபீஸ் சிம்முக்கு டூப்ளிகேட் வாங்க உங்களால நேரா கடைக்குப் போக முடியாது, கம்பெனி கடிதம் வேணும். சனிக்கிழமை ராத்திரி தொலைஞ்சா யாரைக் கூப்பிடணும்னு அந்த அட்மின் நம்பரைப் போன்ல மட்டும் இல்லாம வெளியேயும் வச்சுக்கங்க. சிரிக்காதீங்க, தொலைஞ்ச போன்லதான் எல்லாருடைய நம்பரும் இருக்கு.

பணம் போயிடுச்சுன்னா உடனே 1930. அதே மூச்சுல பேங்க். ரிசர்வ் வங்கி 2017-ல கொண்டுவந்த விதிப்படி, தப்பு உங்க பக்கமும் இல்லை, பேங்க் பக்கமும் இல்லைன்னா, பேங்க்ல இருந்து தகவல் வந்த மூணு வேலை நாளுக்குள்ள சொல்லிட்டா உங்க நஷ்டம் பூஜ்யம். நாலுல இருந்து ஏழு வேலை நாள்னா, சாதாரண சேவிங்ஸ் கணக்குக்கு அதிகபட்சம் 10,000 ரூபாய் வரைக்கும் உங்க தலையில. ஆனா உங்க அலட்சியத்தால போச்சுன்னா, நீங்க பேங்குக்குச் சொல்ற வரைக்கும் போனது முழுக்க உங்க நஷ்டம். இப்போ யோசிங்க. பேங்க் அலர்ட் எஸ்எம்எஸ் நீங்க விட்டுட்டு வந்த ஆபீஸ் நம்பருக்குப் போகுதுன்னா, மூணு நாள் எப்போ ஆரம்பிச்சு எப்போ முடிஞ்சதுன்னே உங்களுக்குத் தெரியாது.

கால் ஃபார்வர்டிங் பத்தி ஒரு வார்த்தை. ஞாயிற்றுக்கிழமை ஆபீஸ் காலைச் சொந்த நம்பருக்கு மாத்தி விட்டுட்டு, அதை அப்படியே மறந்துடுறவங்க உண்டு. போனைத் திருப்பிக் கொடுத்தாலும் அந்த மாற்றம் நெட்வொர்க்ல அப்படியே நிற்கும். அதைவிட மோசம், 'கூரியர்ல இருந்து பேசுறோம், இந்த எண்ணை அழுத்துங்க'ன்னு சொல்லி *401* மாதிரி ஒரு குறியீட்டை அடிக்க வச்சு, உங்க கால் எல்லாத்தையும் அவங்க நம்பருக்குத் திருப்புற மோசடி. இதுக்காகவே 2024 ஏப்ரல் 15-ல இருந்து இப்படிக் குறியீடு மூலமா ஃபார்வர்ட் பண்ற வசதியை நிறுத்தச் சொல்லி தொலைத்தொடர்புத் துறை உத்தரவு போட்டது. இருந்தாலும் போன் ஆப்பின் செட்டிங்ஸ்ல 'கால் ஃபார்வர்டிங்' திறந்து, அதுல தெரியாத நம்பர் ஏதாவது உட்கார்ந்திருக்கான்னு மாசம் ஒரு தடவை பாருங்க. வாட்ஸ்அப் வெரிஃபிகேஷன் கோடை காலாகவும் வாங்கலாம். கால் திரும்பிப் போனா வாட்ஸ்அப்பும் திரும்பிப் போகும். வாட்ஸ்அப்ல டூ ஸ்டெப் வெரிஃபிகேஷன் ஆன் பண்ணி ஆறு இலக்க பின் வச்சுக்கிட்டா இது நடக்காது.

இப்போ என் ஏரியா: வரி

கம்பெனி போன் கொடுத்தா வரி உண்டா? வருமான வரி விதிகள், மொபைல் உட்பட தொலைபேசிச் செலவைக் கம்பெனி ஏத்துக்கிட்டா அதைச் சம்பளச் சலுகையா கணக்கிட வேண்டாம்னு சொல்லுது. நீங்க வீட்டுக்குப் பேசினீங்களா, டாக்டருக்குப் பேசினீங்களான்னு பிரிக்கவும் சொல்லலை.

ஆனா சம்பளச் சீட்டுல 'டெலிபோன் அலவன்ஸ் 1,000 ரூபாய்'ன்னு மாசாமாசம் பில் கேட்காம வந்தா, அது முழுக்க வரிக்கு உட்பட்ட சம்பளம். 'டெலிபோன் ரீஇம்பர்ஸ்மென்ட்'ன்னு பில் கொடுத்து வாங்கினா வரி இல்லை, புது வரி முறையிலயும் இல்லை. 30 சதவீத வரம்புல இருக்கிறவருக்கு வருஷம் 12,000 ரூபாய்க்கு செஸ் சேர்த்து 3,744 ரூபாய் வித்தியாசம். வார்த்தை ஒண்ணுதான் மாறுது. ஏப்ரல்ல ஃப்ளெக்ஸி பேயைப் பிரிக்கச் சொல்லி எச்ஆர் மெயில் அனுப்பும்போது இதைப் பாருங்க. பில் உங்க பேர்ல இருக்கணும், போஸ்ட்பெய்டா இருந்தா மாசாமாசம் பிடிஎஃப் வந்துடும். சொந்த நம்பர் வச்சுக்கிறதுக்கு இதுவும் ஒரு காரணம்.

சிக்கல் வர்றது வேலையை விடும்போது, 'போனை நீங்களே வச்சுக்கங்க, ஆயிரம் ரூபாய் கொடுங்க'ன்னு கம்பெனி சொல்லும்போது. சந்தோஷமா தலையாட்டுவோம். அது சொத்தைக் குறைஞ்ச விலைக்குக் கொடுத்தது. விலையில தேய்மானம் கழிச்சு, நீங்க கொடுத்த தொகையையும் கழிச்சு, மீதி உங்க சம்பளம். தேய்மானம் எவ்வளவு? கம்ப்யூட்டர், எலக்ட்ரானிக் பொருளுக்கு முழுசா முடிஞ்ச ஒவ்வொரு வருஷத்துக்கும் 50 சதவீதம், குறையுற மதிப்பு மேல. கார் தவிர மத்த பொருளுக்கு வருஷம் 10 சதவீதம், முதல் விலை மேல. 40,000 ரூபாய் போன், ரெண்டு வருஷம் முடிஞ்சிருக்குன்னு வைங்க. முதல் கணக்குல மதிப்பு 10,000. நீங்க கொடுத்த 1,000 போக 9,000 ரூபாய்க்கு வரி. ரெண்டாவது கணக்குல மதிப்பு 32,000, வரி 31,000 ரூபாய்க்கு.

மொபைல் எதுல சேரும்? 'எலக்ட்ரானிக் பொருள்'னா டேட்டாவைச் சேமிச்சுக் கையாளுற கருவிகள்னு விளக்கம் கொடுத்து, கம்ப்யூட்டர், டிஜிட்டல் டைரி, பிரின்டர்னு உதாரணம் சொல்லியிருக்காங்க. டிஜிட்டல் டைரி இருக்கு, போன் இல்லை. அந்த விளக்கம் எந்தக் காலத்துல எழுதினதுன்னு இதுலயே தெரியும். இன்னைக்கு போன் செய்யுறது டேட்டாவைச் சேமிச்சுக் கையாளுறதுதான், 50 சதவீதம்தான் சரின்னு என் கருத்து. ஆனா கொஞ்சம் பயந்த பேரோல் டீம் 10 சதவீதமே எடுப்பாங்க. அதனால கையெழுத்துப் போடும் முன்னாடி, 'சம்பள டிடிஎஸ் சான்றிதழ்ல எந்த மதிப்பு காட்டுவீங்க?'ன்னு மெயில்ல ஒரு வரி கேட்டுக்கங்க. பழைய போனுக்கு 31,000 ரூபாய்க்கு வரி கட்டுறதுக்கு, அதைத் திருப்பிக் கொடுத்துட்டுப் புதுசு வாங்கிடலாம்.

திருப்பிக் கொடுக்கும் நாள்

இங்க வரிசை முக்கியம். முதல்ல நம்பரை எல்லா இடத்துலயும் மாத்தி முடிங்க. நோட்டீஸ் பீரியட் இதுக்குத்தான். அப்புறம் ஆத்தென்டிகேட்டரைப் புது போனுக்கு மாத்துங்க. அடுத்து யூபிஐ ஆப்ல இருந்து பேங்க் கணக்கை நீக்குங்க, பேங்க் ஆப்ல டீரெஜிஸ்டர் பண்ணுங்க. ஆப்பை அழிச்சா மட்டும் போதாது. வாட்ஸ்அப்ல 'சேஞ்ச் நம்பர்'னு ஒரு வசதி இருக்கு, அதுல கணக்கு அப்படியே புது நம்பருக்கு வந்துடும். புது ஆள் அதே நம்பர்ல வாட்ஸ்அப் போடும்போது உங்க குடும்ப குரூப் அவருக்குத் திறக்காது.

கடைசியா, உங்க கூகுள் கணக்கை போன்ல இருந்து நீக்கின பிறகுதான் ரீசெட் நடக்கணும். நீக்காம ரெக்கவரி மெனு வழியா ரீசெட் பண்ணினா, 'முன்பு இருந்த கணக்கின் பாஸ்வேர்டைப் போடு'ன்னு போன் பூட்டிக்கும். ஐபோன்ல 'ஃபைண்ட் மை' ஆஃப் பண்ணலைன்னா இதே கதை. அப்போ ஐடி டீம் கணக்குல அந்த போன் செங்கல்லுக்குச் சமம். ஃபுல் அண்ட் ஃபைனல்ல 'அசெட் ரெக்கவரி'ன்னு போட்டுப் பிடிப்பாங்க. ஆடிட்டுக்குப் போற இடத்துல இந்த வரியைப் பலமுறை பார்த்திருக்கேன். அந்தத் தொகையை விட்டுட்டுப் போன ஊழியருக்கு ஏன்னுகூட தெரிஞ்சிருக்காது.

ஒப்படைச்சதுக்கு ரசீது வாங்குங்க. அதுல மாடல், ஐஎம்இஐ, சிம் எண், சார்ஜர் இருக்கா இல்லையா, திரையில கீறல் இருக்கா, தேதி. அட்மின் 'அதெல்லாம் எதுக்கு தம்பி, நாங்க பார்த்துக்கிறோம்'னு சொன்னா, நீங்களே போட்டோ எடுத்து, சொந்த மெயில்ல இருந்து எச்ஆருக்கு ஒரு மெயில் போட்டுடுங்க. வருஷக்கணக்கா வச்சிருந்த நம்பர், விட மனசில்லைன்னா, கம்பெனி சம்மதக் கடிதம் கொடுத்தா அதை உங்க பேருக்கு மாத்திக்க முடியும். ராஜினாமா மெயில் அனுப்பின கையோட கேளுங்க. கடைசி நாள்ல கேட்டா கையெழுத்துப் போடுற ஆள் மீட்டிங்ல இருப்பார்.

என் சித்தி பையன் கதைக்கு ஒரு பாக்கி இருக்கு. பேங்க், ஆதார், பிஎஃப் எல்லாம் மாத்திட்டான். அக்டோபர் மாசம் அவன் பழைய ஏரியாவுக்கு வந்த புது ரெப் கூப்பிட்டிருக்கார். நம்பரை ஒரு டாக்டர் கிளினிக்ல வாங்கியிருக்கார்.

"அண்ணே, உங்க பைக் லோனுக்கு இந்த மாசம் பணம் எடுக்க முடியலைன்னு எனக்கு மெசேஜ் வந்துகிட்டே இருக்கு. லோன் நம்பர், எவ்வளவு பாக்கி எல்லாம் போட்டிருக்கு. நான் படிக்கக்கூடாதுன்னுதான் பார்த்தேன், தினம் மூணு வருதுண்ணே."

சம்பளம் புது பேங்க் கணக்குக்குப் போக ஆரம்பிச்சதுல பழைய கணக்கு காலியாகி, இஎம்ஐ திரும்பியிருக்கு. லோன் கம்பெனியில நம்பர் மாத்தணும்னு எங்க ரெண்டு பேருக்குமே தோணலை. பவுன்ஸ் சார்ஜ் ஜிஎஸ்டியோட 590 ரூபாய். அந்தப் பையன் கூப்பிடலைன்னா அடுத்த மாசமும் திரும்பி, அது சிபில்ல ஏறியிருக்கும். அன்னைக்கே அவன் லோன் ஆபீசுக்குப் போய் நம்பரை மாத்தினான். போற வழியில அந்தப் புது ரெப்புக்கு போன் பண்ணி, "தம்பி, நீ பேங்க்ல எந்த நம்பர் கொடுத்திருக்க?"ன்னு கேட்டானாம். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லையாம்.